அடுத்த மாதம் எந்த நாவல்? அறிவிப்பதற்கு முன்பு கொஞ்சம் பொறுங்கள்

இரவல் போன புத்தகம் திரும்பி வந்ததும் நான் முதலில் பார்ப்பது அதன் பக்க ஓரத்தை. படித்த வரைக்கும் விரல் பட்ட அழுக்கு லேசான பழுப்பாகப் படிந்திருக்கும், படிக்காத பக்கங்கள் வெள்ளையாகவே இருக்கும். ஆறேழு பேர் கை மாறி வந்த ஒரு பெரிய நாவலில் அந்தப் பழுப்பு நூறு பக்கத்துக்குள் நின்றுவிட்டால் நாவல் மோசம் என்று அர்த்தமில்லை. அந்த வாசகர்களுக்கு அந்த மாதத்தில் அதைக் கொடுத்ததுதான் தப்பு.

கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன், எங்கள் வாசகர் வட்டத்துக்கு நாவல் தேர்ந்தெடுப்பதும் என் பொறுப்பு. சண்டை போட்டு உடைந்த வட்டத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டு மாதம் தொடர்ந்து படிக்காமல் வந்து உட்கார்ந்தவர் மூன்றாவது மாதம் வரமாட்டார், கூச்சம்தான் காரணம், கேட்டால் வேலை இருந்தது என்பார்.

அதனால் விருதுப் பட்டியலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' 2011-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது, ஆயிரம் பக்கத்துக்கு மேல். அதை ஒரே மாதத்துக்கு அறிவித்தால், வேலைக்குப் போய் வந்து, சமைத்து, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு புத்தகத்தைக் கையில் எடுப்பவர் என்ன செய்வார்? ராத்திரிக்குப் பத்துப் பக்கம், மாதத்துக்கு முந்நூறு. அதைத் தாண்டினால் இரண்டு மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வட்டார வழக்குக்குப் பயந்து எதையும் ஒதுக்க வேண்டாம். ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) பரதவர் பேச்சில் ஓடுகிற நாவல், எங்கள் ஆட்கள் ஆரம்பத்திலேயே திணறினார்கள். தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கத்தில் வளர்ந்த ஒருவர் நாலு பக்கம் வாய்விட்டு வாசித்தார். கண்ணுக்குப் பிடிபடாத சொற்கள் காதுக்குப் பிடிபட்டன, அப்புறம் யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

உறுப்பினரின் நண்பர் எழுதிய நாவல் என்றால், அந்த உறுப்பினர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் மனம் விட்டுப் பேசமாட்டார்கள். தவிர்த்துவிடுங்கள்.

இனி நான் செய்த தவறு. இமையத்தின் 'செல்லாத பணம்', 2020-க்கான சாகித்ய அகாதெமி விருது நாவல். தீக்காயத்தோடு ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கும் ஒரு பெண், வார்டுக்கு வெளியே காத்துக் கிடக்கும் குடும்பம். விவாதிக்க இதைவிட நல்ல நாவல் கிடைக்காது என்று சந்தோஷமாக அறிவித்தேன், கதை எதைப் பற்றியது என்று முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட்டம் முழுக்க ஒரு அக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடியே இருந்தார், டீ வந்தபோதும் அதைக் கீழே வைக்கவில்லை. எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்து, "எங்க வீட்லயும் ஒரு பொண்ணு இப்படித்தான் போச்சு மேடம், முன்னாடியே சொல்லியிருந்தா மனசத் தயார் பண்ணிட்டு வந்திருப்பேன்" என்றார். படித்திருக்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, அதைக் கவனியுங்கள். அதிலிருந்து அறிவிப்பிலேயே இரண்டு வரி சேர்க்கிறேன்: தீக்காயம், தற்கொலை, குழந்தை மீதான வன்முறை, எது இருந்தாலும் சரி, இருக்கிறது என்று எழுதிவிடுகிறேன். கதை கெட்டுப்போகும் என்பவர்களுக்கு என் பதில், நல்ல நாவல் இரண்டு வரியில் கெடாது.

அடுத்தது பிரதி. எங்களிடம் ஒரு நாவலுக்கு ஒன்றிரண்டு பிரதிதான் இருக்கும், எனவே தலைப்பை அறிவிக்கும் முன்பே பதிப்பகத்துக்கு போன் செய்து பத்துப் பிரதி கையிருப்பு உண்டா என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் விட்டால் யாராவது வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் போட்டுவிடுவார்கள். நம் நாட்டில் எழுத்தாளர் காலமாகி அறுபது ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு, அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்கள் வேறு கணக்கு. இன்றைக்கும் எழுதிக்கொண்டிருப்பவரின் நாவலைத் திருட்டுக் கோப்பில் படித்துவிட்டு அவர் எழுத்தைப் பாராட்ட உட்காருவது எனக்கு ஒப்பவே ஒப்பாது. நாலு பேர் காசு போட்டு ஒரு பிரதி வாங்கிச் சுற்றுக்கு விடலாமே.

வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு நடத்துவதை நிறுத்திவிட்டேன். கட்டைவிரல் போடுகிறவர்கள் வேறு, புத்தகத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் வேறு. மூன்று நாவல்களை வாசிப்பு மேசையில் ஒரு வாரம் வைக்கிறேன், நின்றபடி புரட்டிவிட்டு வைக்கிறார்களா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார்களா என்று பார்க்கிறேன். இந்த வாரம் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை', தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்', பெருமாள்முருகனின் 'பூக்குழி'. நேற்று சாயங்காலம் மூன்று பேர் 'பூக்குழி'யோடு உட்கார்ந்தார்கள். சாதி மீறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஜோடி, அவர்கள் மீது ஊர் காட்டுகிற வன்மம் என்று அறிவிப்புக்கான இரண்டு வரியை எழுதி வைத்திருக்கிறேன், பதிப்பகத்துக்கு இன்னும் போன் செய்யவில்லை.