டிவிஷன் என்றால் கோட்டம் இல்லை

டிவிஷன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ரயில்வே, அப்புறம் வருவாய்த்துறை. இரண்டுக்கும் கோட்டம் என்ற நல்ல சொல் இருக்கிறது. மதுரைக் கோட்டம், கோட்டாட்சியர் என்று புழங்கவும் செய்கிறோம். ஆனால் "எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன" என்று செய்தியில் வந்தால் அது கோட்டமும் இல்லை, கணக்குப் பாடத்து வகுத்தலும் இல்லை. அது ஒரு வாக்கெடுப்பு முறை. உங்கள் எம்.பி. எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்று தேடக் கிளம்பினால் முதலில் தெரிய வேண்டிய சொல் இது, ஏனென்றால் டிவிஷன் நடக்காத மசோதாவில் தேட எதுவுமே இருக்காது.

சொல் வந்தது லண்டனிலிருந்து. பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் வாக்கெடுப்பு என்றால் உறுப்பினர்கள் எழுந்து, ஆதரிப்பவர்கள் சபாநாயகரின் வலப்பக்க லாபி (அவையை ஒட்டிய நடைக்கூடம்) வழியாகவும் எதிர்ப்பவர்கள் இடப்பக்க லாபி வழியாகவும் நடந்து போவார்கள். அவை நிஜமாகவே இரண்டாகப் பிரிகிறது, அதனால் அந்தப் பெயர். யார் எந்தப் பக்கம் போனார் என்ற பட்டியலை 1836 முதல் சபையே வெளியிடுகிறது.

நம் நாடாளுமன்றத்துக்குச் சொல் வந்தது, நடைக்குப் பதில் பொத்தான் வந்தது. முதலில் எப்போதும் குரல் வாக்கெடுப்புதான். நம் சட்டமன்றத்தில் "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்று கேட்டிருப்பீர்களே, அதேதான். எந்தச் சத்தம் பெரிது என்பதை அவைத்தலைவரின் காது முடிவு செய்யும், பெயர் எதுவும் பதிவாகாது. யாராவது அதை ஏற்காமல் டிவிஷன் கேட்டால் லாபியைக் காலி செய்யச் சொல்லி மணி அடிக்கும், மக்களவையில் மூன்றரை நிமிடம் கழித்து மறுபடி கேள்வி, பச்சை அழுத்தினால் ஆம், சிவப்பு இல்லை, மஞ்சள் இரண்டிலும் சேராதவர். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு கணக்குப் பார்க்க வேண்டும், சத்தத்தை வைத்து அதைச் செய்ய முடியாது. 2023-ல் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454-க்கு 2 என்று நிறைவேறியபோது அந்த இருவர் மஜ்லிஸ் கட்சியின் ஒவைசியும் இம்தியாஸ் ஜலீலும் என்று நமக்குத் தெரிவது இதனால்தான்.

மறுபக்கம், 2020 செப்டம்பர் 20. வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில். தி.மு.க.வின் திருச்சி சிவா உள்ளிட்டோர் டிவிஷன் கேட்டார்கள், அமளிக்கு நடுவே குரல் வாக்கிலேயே முடித்துவிட்டார்கள். கேட்டவர்கள் இருக்கையில் இருந்தார்களா இல்லையா என்ற சண்டை தனிக்கதை. நாட்டையே உலுக்கிய சட்டம், அந்த அவையில் யார் ஆதரித்தார் என்று பெயர் பெயராகச் சொல்லும் ஒரு தாள்கூடக் கிடையாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பிரிவு வாக்கெடுப்பு' என்று நேராக மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. எனக்கு ஒட்டவில்லை, பிரிவு என்றால் சட்டப்பிரிவுதான் கண்ணுக்குத் தெரிகிறது. 'எண்ணிக் கணிக்கும் வாக்கெடுப்பு' அழகாக இருக்கிறது, ஆனால் உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லி தலையை மட்டும் எண்ணுகிற முறையும் மக்களவை விதியில் இருக்கிறது, அதில் பெயர் பதிவாகாது. ஆகவே என் சிபாரிசு 'பெயர்ப்பதிவு வாக்கெடுப்பு'. கொஞ்சம் நீளம்தான், ஆனால் வாக்காளருக்கு வேண்டிய விஷயம் சொல்லிலேயே இருக்கிறது. (கட்சி சொன்னபடி வாக்களிக்க வைக்கும் கொறடா மட்டும் தமிழா என்று சண்டைக்கு வராதீர்கள், அது மராத்திச் சாட்டை. 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு அந்தச் சாட்டையை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம் என்பதால், பட்டியலில் நீங்கள் பெரும்பாலும் பார்க்கப் போவது கட்சியின் முடிவைத்தான்.)

தேடும் வழி இதுதான். நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் அந்தந்த அவையின் விவாதப் பதிவுகளுக்குப் போய், மசோதா நிறைவேறிய தேதியைத் திறந்தால், டிவிஷன் நடந்திருந்தால் ஆம் என்றவர், இல்லை என்றவர் பெயர்கள் வரிசையாக இருக்கும். பொத்தான் சரியாகப் பதியாமல் துண்டுச்சீட்டில் திருத்தியவர்கள் அடிக்குறிப்பில் இருப்பார்கள், அதையும் பாருங்கள். நாடாளுமன்றச் செயல்பாட்டைத் தொகுக்கும் ஆய்வு அமைப்பான பி.ஆர்.எஸ். தளத்தில் எம்.பி. பெயரைப் போட்டால் வருகை, கேள்விகள், விவாதங்கள் எல்லாம் வரும், வாக்கு வராது. அதனால் கையில் பெயரை வைத்துக்கொண்டு போகாதீர்கள், தேதியை வைத்துக்கொண்டு போங்கள்.