மீர்கட்: பூனையும் இல்லை, குரங்கும் இல்லை

காலை வெயில் மணலில் பட்டதும் வளையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து, பின்னங்கால்களில் நிமிர்ந்து, மயிர் அடர்த்தி குறைந்த கருவயிற்றைச் சூரியனுக்குக் காட்டி நிற்கும் சிறு விலங்கு மீர்கட். எடை முக்கால் கிலோவுக்குச் சற்று முன்பின் இருக்கும். தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா நாடுகளின் வறண்ட நிலங்கள் இதன் தாயகம்.

பெயர் டச்சு மொழியிலிருந்து வந்தது. 'மேர்' என்றால் ஏரி, 'கட்' என்றால் பூனை. ஆனால் டச்சுக்காரர் ஒருவரிடம் இந்தச் சொல்லைச் சொன்னால், அவர் மனத்தில் தோன்றுவது ஆப்பிரிக்காவின் நீண்டவால் குரங்கு ஒன்று. ஜெர்மன் மொழியின் 'மேர்கட்ஸே'யும் அதே குரங்குதான்; அங்கே 'மேர்' என்பது கடல். கடல் கடந்து வந்தது, பூனைபோல் வால் நீண்டது, ஆகவே கடற்பூனை என்று விளக்கம் சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் குடியேறிய டச்சுக்காரர்களின் வாயில் அந்தப் பெயர் குரங்கைவிட்டு இறங்கி, வளைவாழ் விலங்குகளின்மேல் ஏறிக்கொண்டது. அவர்களின் டச்சிலிருந்து வளர்ந்த ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் மஞ்சள் கீரிக்கும் மீர்கட் என்ற பெயர் உண்டு.

இச்சொல்லின் வேர் குரங்கைக் குறிக்கும் சமஸ்கிருத 'மர்க்கட'மாக இருக்கலாம் என்று ஒரு கருத்தும் இருக்கிறது. தமிழருக்கு இது பழகிய சொல். தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைப் போல உயிர் இறைவனைப் பற்ற வேண்டும் என்பது வைணவத்தில் வடகலையாரின் மர்க்கட நியாயம். பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல் இறைவனே காப்பான் என்பது தென்கலையாரின் மார்ஜார நியாயம். குரங்கும் பூனையும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போது அந்தக் கருத்தை நம்பிவிடத்தான் ஆசை வருகிறது. ஆயினும் நான் அதை ஏற்கவில்லை. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஜெர்மன் மொழியில் இந்தச் சொல் வழங்கியிருக்கிறது. (மீர்கட் வளை மாறும்போது குட்டியை வாயில் கவ்வித்தான் கொண்டுபோகிறது என்பதைத் தென்கலையார் மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்ளலாம்.)

இந்த விலங்கு உண்மையில் கீரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. எனவே 'கடற்பூனை' என்று மொழிபெயர்ப்பது பிறர் செய்த பிழையைத் தமிழில் மறுபடி செய்வதாகும். டச்சுக்காரர்களே இன்று இதை 'குச்சிவாலன்' என்ற பொருளில் அழைக்கிறார்கள். ஜெர்மானியருக்கு இது 'மண் குட்டிமனிதன்'. இருவரும் விலங்கைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நாமும் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

அப்படிப் பார்ப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் கலஹாரிப் பாலையில் இருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிம் கிளட்டன்-பிராக் 1993இல் தென்னாப்பிரிக்காவின் குருமான் ஆற்றுப் பகுதியில் தொடங்கிய ஆய்வு இன்றும் தொடர்கிறது. கூட்டங்கள் மனிதரைக் கண்டு அஞ்சாத அளவுக்குப் பழக்கப்பட்டவை. ஒவ்வொரு விலங்கின் உடலிலும் சாயப் பொட்டு வைத்து அடையாளம் காண்கிறார்கள். விடியலில் அவை இரை தேடிப் புறப்படும் முன்னும் மாலையில் வளை திரும்பிய பின்னும் ஒரு சிறு தராசை மணலில் வைத்து, அவித்த முட்டைத் துணுக்கைக் காட்டுகிறார்கள். காட்டு விலங்கு தானே வந்து தராசில் ஏறி நிற்கிறது! அன்று யார் எவ்வளவு தின்றார்கள், யார் பட்டினி கிடந்தார்கள் என்பது இப்படிக் கிராம் கணக்கில் தெரிந்துவிடுகிறது.

பட்டினி கிடப்பது பெரும்பாலும் குட்டி காப்பவர். கூட்டத்தில் மிகுதியாகக் குட்டி ஈனுவது தலைமைப் பெண் ஒன்றுதான். கருவுற்ற மற்றப் பெண்களை அது கூட்டத்தைவிட்டுத் துரத்துவதும், அவற்றின் குட்டிகளைக் கொல்வதும் உண்டு. அது இரை தேடப் போகும்போது வேறொன்று நாள் முழுதும் உண்ணாமல் வளையருகே காவல் இருக்கிறது. இந்த உறவுக்கு நம் அகப்பாடல்களில் சொல் தயாராக இருக்கிறது: ஈன்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலி. மீர்கட் கூட்டத்தில் ஆண்களும் செவிலி வேலை பார்க்கின்றன என்பதுதான் வேறுபாடு. தாமே குட்டி ஈனாத சில பெண்கள் பால்கூடக் கொடுக்கின்றன.

வளர்ந்தவை குட்டிகளுக்குத் தேள் பிடிக்கக் கற்பிப்பதை அலெக்ஸ் தார்ன்டனும் கேத்தரின் மெக்காலிஃபும் 2006இல் விளக்கினார்கள். மிகச் சிறிய குட்டிக்குச் செத்த தேள். கொஞ்சம் வளர்ந்தபின் கொடுக்கு நீக்கிய உயிருள்ள தேள். பிறகு முழுத்தேள். குட்டியின் வயதை அதன் கெஞ்சும் குரலை வைத்தே கணிக்கின்றன. ஆய்வாளர்கள் பெரிய குட்டிகளின் குரலைப் பதிவு செய்து சிறு குட்டிகளின் அருகே ஒலிக்கவிட்டபோது, உயிருள்ள தேள்கள் கூடுதலாக வந்தன.

மற்றவை மண்ணைக் கிளறும்போது ஒன்று மரக்கிளையில் ஏறிச் சுற்றிலும் பார்க்கிறது. தினைப்புனக் காவல் தெரிந்தவர்களுக்கு இதைப் பரண் காவல் என்றால் போதும். வயிறு நிறைந்ததே பெரும்பாலும் காவல் ஏறுகிறது. பருந்து வந்தால் ஒரு குரல், நரி வந்தால் வேறு குரல். பாம்பைக் கண்டாலோ கூட்டமே வால் உயர்த்திச் சூழ்ந்துகொள்கிறது. 'பாம்பும் கீரியும்' என்று சொல்லி வளர்ந்த நமக்கு இதன் குடும்பம் எது என்று ஐயமே வராது.

'பாலைக்கீரி' என்ற பெயரை எண்ணிப் பார்த்தேன். மஞ்சள் கீரியும் அதே நிலத்தில் வாழ்வதால் அது பொருந்தவில்லை. 'கூட்டக்கீரி' என்றால் வரிக்கீரியும் கூட்டமாகவே வாழ்கிறது. என் தேர்வு 'நிமிர்கீரி'. நிமிர்ந்த கீரி, நிமிர்கின்ற கீரி, நிமிரும் கீரி என மூன்று காலமும் அடங்கிய வினைத்தொகை. முதல்முறை எழுதும்போது 'மீர்கட் என்னும் நிமிர்கீரி' என்று இரண்டையும் சேர்த்து எழுதினால் வாசகர் குழம்பமாட்டார்.

இதன் இளமையை எப்படி அழைப்பது, குஞ்சா, குட்டியா, கன்றா என்ற கேள்விக்குத் தொல்காப்பிய மரபியலே விடை தருகிறது: 'மூங்கா வெருகு எலி மூவரி அணிலொடு ஆங்கவை நான்கும் குட்டிக்கு உரிய.' மூங்கா என்பது கீரி. தெலுங்கின் 'முங்கிஸ'வும் அதன் உறவுச்சொல். மராத்தி வழியாக ஆங்கிலத்தின் 'மங்கூஸ்' வந்ததும் அந்த வேரிலிருந்துதான். ஆகவே நிமிர்கீரிக் குட்டி என்றே எழுதலாம்.