சைலன்சர் மாற்றியபின் வண்டி வெடிக்கிறதா? முதலில் காற்று எங்கே புகுகிறது என்று பாருங்கள்

"அண்ணை, சத்தம் நல்லாத்தான் இருக்கு. அக்சிலேற்றரை விட்டா மட்டும் பட் பட்டெண்டு வெடிக்குது. பவர் கூடினதாலயோ?"

கம்பனிச் சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளியே வாங்கிய சைலன்சர் பூட்டிய வண்டியோடு எங்கள் கராஜுக்கு வரும் தம்பிமார் பெரும்பாலும் இப்படித்தான் கேட்பார்கள். பவர் கூடவில்லை. பிஸ்டனைத் தள்ளவேண்டிய பெற்றோல் அங்கே எரியாமல் தப்பிப்போய்ச் சைலன்சர் குழாய்க்குள் எரிகிறது, அவ்வளவுதான். அந்த வெடி சில்லை ஓர் அங்குலம்கூட முன்னே தள்ளாது.

குழாய்க்குள் வெடிக்க மூன்று சேர வேண்டும்: எரியாத பெற்றோல், காற்று, சூடு. சூடு எப்போதும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது அக்சிலேற்றரைச் சடாரென்று மூடினால் இன்ஜினுக்குள் போகும் பெற்றோல்-காற்றுக் கலவை மிகவும் குறைந்துவிடும். முந்திய சுற்றின் புகையும் அதோடு கலந்து நிற்பதால் பிளக் பொறி அடித்தாலும் சில தடவை பற்றாது. பற்றாத கலவை அப்படியே வெளியேறும். அங்கே எங்கேயாவது புதுக் காற்று கிடைத்தால் வெடிக்கும். கம்பனிச் சைலன்சரிலும் இது சிறிய அளவில் நடப்பதுதான், ஆனால் உள்ளே இருக்கும் அறைகள் சத்தத்தை விழுங்கிவிடும். நேர்க்குழாய்ச் சைலன்சர் எதையும் மறைக்காது. அதனால் சைலன்சர் மாற்றியதும் கேட்கத் தொடங்கும் வெடி, பல வேளைகளில் வண்டியில் முன்பே இருந்த பழைய குறையாகவும் இருக்கும்.

ஆகவே பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரில் கை வைக்கமுன் காற்று புகும் இடத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் அது இன்ஜின் ஹெட்டுக்கும் பென்ற் பைப்புக்கும் (ஹெட்டிலிருந்து வளைந்து வரும் புகைக் குழாய்) நடுவில் இடைவெளியை அடைக்கும் வட்டக் கஸ்கற்தான். அது ஒருமுறை நசிந்து இறுகினால் அந்த இடத்துக்கு மட்டுமே பொருந்தும். பைப்பைக் கழற்றினால் புதுசு போட வேண்டும். ஆயிரக்கணக்கில் காசு கொடுத்துச் சைலன்சர் வாங்குபவர்கள் இந்தச் சின்ன வளையத்துக்குக் காசு கொடுக்காமல் பழையதையே திரும்பப் பூட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் மனவருத்தமாக இருக்கும்.

அடுத்தது பைப்பும் சைலன்சரும் சேரும் இடம். வெளிச் சைலன்சரின் வாய் ஒரு மில்லிமீற்றர் பெரிதாக இருந்தால், தகரத்தை வெட்டிச் சுற்றிக் கிளிப்பை இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். அந்த இடைவெளியால் புகை வெளியே ஊதும், காற்றும் அதே வழியால் உள்ளே புகும். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப் பக்கம் தினமும் ஓடும் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக் காற்றில் பைப் அடிப்பக்கம் கறள் பிடித்து, ஊசி முனையளவு ஓட்டைகள் விழும். மேலே இருந்து பார்த்தால் தெரியாது, கையைக் கீழே விட்டுத் தடவித்தான் பார்க்க வேண்டும், அதுவும் வண்டி நன்றாக ஆறியபின்.

ஊதுகிறதா என்று அறிய, ஆறிக் கிடக்கும் வண்டியை ஸ்ராட் செய்த உடனேயே மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வரும். மூட்டைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலும் அதே அடையாளம்தான். திரும்பப் பூட்டும்போது எல்லா நட்டையும் முதலில் தளர்வாகப் போட்டு, ஹெட் பக்க நட்டுகளை மாறி மாறிச் சமமாக இறுக்கி, பிறகு கிளிப், கடைசியாகத்தான் சைலன்சர் தாங்கி. தாங்கியை முதலில் இறுக்கினால் பைப் சரிந்து உட்கார்ந்து, புதுக் கஸ்கற்கூட ஒரு பக்கம் ஊதும்.

மூட்டுகள் எல்லாம் சரி, இன்னும் வெடிக்கிறதா? பல்சர், அப்பாச்சி, யமஹா எப்.இசட். போன்ற பல வண்டிகளில் புகையின் நஞ்சைக் குறைக்க, புகைவழிக்குள் சுத்தக் காற்றை விடும் சிறிய குழாய் ஒன்று கம்பனியிலேயே இருக்கிறது. இன்ஜினின் உறிஞ்சலால் (வக்குவம்) இயங்கும் வால்வு உள்ளவற்றில், அக்சிலேற்றரை மூடும்போது அந்த வால்வு காற்றை நிறுத்த வேண்டும். வக்குவம் ஹோஸ் பிளந்திருந்தால், அல்லது வால்வின் உள்ரப்பர் கிழிந்திருந்தால், நிறுத்தாது. காற்று ஹோஸைக் கிளிப்பால் நசித்துக்கொண்டு ஒரு சுற்று ஓடிப் பாருங்கள். வெடி நின்றால் காரணம் அதுதான். அதற்காக ஹோஸை நிரந்தரமாக அடைத்துவிடச் சொல்லவில்லை. ஹோஸை அல்லது வால்வை மாற்றுங்கள். வருடா வருடம் வரி அனுமதிப் பத்திரத்துக்கு முன் புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டியவர்கள் நாம்.

இவையெல்லாம் பார்த்தபிறகுதான் காபரேற்றர். காற்று இலகுவாக வெளியேறும் சைலன்சருக்குக் கம்பனி போட்ட ஜெற் (பெற்றோலை அளந்து விடும் சிறு துவார ஆணி) போதாமல் போகலாம். அப்படியென்றால் பிளக்கைக் கழற்றினால் முனை வெள்ளையாக இருக்கும். மண்ணிறம் என்றால் நல்லது, கரி படிந்த கறுப்பு என்றால் பெற்றோல் கூடிவிட்டது. அக்சிலேற்றரை மூடும்போது வேலை செய்வது பைலற் ஜெற், மெயின் ஜெற் அல்ல. ஆனாலும் பலர் போய் வாங்குவது பெரிய மெயின் ஜெற்! வெடி அப்படியே இருக்கும், பெற்றோல் மட்டும் கூடக் குடிக்கும்.

2022 இல் பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டிகளில் பைலற் ஜெற் துவாரம் பிசின் படிந்து பாதி அடைபட்டிருந்ததை நிறையப் பார்த்தோம். எனவே முதலில் கழற்றிக் கழுவுங்கள். பிறகு கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்குரூ. அது காபரேற்றரின் இன்ஜின் பக்கம் இருந்தால் வெளியே திருப்பப் பெற்றோல் கூடும், எயார் பில்ரர் பக்கம் இருந்தால் உள்ளே திருப்பத்தான் கூடும். இதை மாறி விளங்கிக்கொண்டு திருப்பி, வெடியைக் கூட்டிக்கொண்டு வருபவர்கள் பலர். இன்ஜின் சூடேறியபின் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்புங்கள். இன்ஜின் பக்க ஸ்குரூ 3 சுற்றுக்கு மேல் வெளியே போயும் சரிவரவில்லை என்றால் ஒரு படி பெரிய பைலற் ஜெற் தேவை. கம்பியால் ஜெற் துவாரத்தைக் குடைந்து பெருப்பிக்க வேண்டாம். எவ்வளவு பெருத்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

எயார் பில்ரரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவதும் வேண்டாம். காற்றுக் கூடி வெடி இன்னும் மோசமாகும். சுன்னாகம், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் புழுதி நேரே சிலிண்டருக்குள் போய்ப் பிஸ்டன் ரிங்கைத் தின்னும்.

காபரேற்றருக்குப் பதிலாகக் கம்பியூட்டர் அளந்து பெற்றோல் விசிறும் எப்.ஐ. வண்டிக்கு ஜெற் கிடையாது. அதில் நான் முதலில் பார்ப்பது புகையில் உள்ள ஒட்சிசனை அளக்கும் சென்சர். வெளிப் பைப்பில் அதற்கு இடம் இல்லையென்று வெளியே கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அது வெறும் காற்றை அளந்து, பெற்றோல் போதவில்லை என்று கம்பியூட்டருக்குப் பொய் சொல்லிக்கொண்டிருக்கும், அதை நம்பிக் கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிவிடும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1987, 1990, 1995 என்று ஷெல்லுக்கும் குண்டுக்கும் நடுவே வாழ்ந்தவர்கள் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். இரவு பத்து மணிக்குப் பலாலி வீதியில் ஒரு வண்டி வெடித்துக்கொண்டு போனால், படுத்திருக்கும் ஓர் அம்மாவுக்கு நெஞ்சு அடைக்கும். போதனா வைத்தியசாலை வீதியிலும் இதே சத்தத்தோடு போகிறார்கள். பொலிஸ் மறித்துத் தண்டம் எழுதும் என்பது இதற்குப் பிறகுதான். சைலன்சரோடு வந்த, சத்தம் குறைக்கும் டிபி கில்லர் குழலைக் கழற்றி வைத்திருந்தால் இன்றைக்கே திரும்பப் பூட்டுங்கள். சத்தமும் குறையும், வெடியும் ஓரளவு அடங்கும்.

மெக்கானிக்கிடம் போகும்போது "வெடிக்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள், எப்போது வெடிக்கிறது என்று சொல்லுங்கள். அக்சிலேற்றரை விடும்போது என்றால் மேலே சொன்னவை. முறுக்கும்போது காபரேற்றர் பக்கமாகத் திருப்பி அடித்தால் அது வேறு வருத்தம்: கலவை உள்ளே போகும் இன்லெற் வால்வு, பொறி அடிக்கும் நேரம் (ரைமிங்), அல்லது காபரேற்றருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ரப்பரில் விழுந்த பிளவு. எல்லா வேகத்திலும் விட்டு விட்டு வெடித்தால் பிளக் அல்லது அதற்கு மின்சாரம் கொடுக்கும் கொயில். சூடேறியபின் மட்டும் வெடித்தால், ஆறிய இன்ஜினில் புகை வெளியேறும் எக்சோஸ்ற் வால்வின் இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளி குறைந்திருந்தால் வால்வு முழுதாக மூடாமல் கருகத் தொடங்கியிருக்கலாம். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போட்டால் ஹெட் வேலையாகிவிடும்.