சோடியம் சேனல் குறைந்தால் வலிப்பு ஏன் கூடுகிறது?

மூளையில் நரம்பு செல்கள் கூட்டமாகச் சேர்ந்து, கட்டுப்பாடில்லாமல் மின் துடிப்புகளை வெளியிடுவதுதான் வலிப்பு. அந்தத் துடிப்பைத் தொடங்கி வைப்பது, செல் சவ்வில் சோடியத்தை உள்ளே விடும் வாசலான சோடியம் சேனல். சரி, பிறவியிலேயே சோடியம் சேனல் குறைவாக உள்ள குழந்தைக்கு வலிப்பு வராமல்தானே இருக்க வேண்டும்? ஆனால் டிராவே நோய்க்குறி என்ற வலிப்பு நோய் உள்ள குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே, பெரும்பாலும் காய்ச்சலோடு, நீண்ட நேரம் நிற்காத வலிப்பு வருகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு எஸ்சிஎன்1ஏ என்ற சோடியம் சேனல் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதாகியிருக்கிறது. பெல்ஜியத்தில் ஒரு குழு 2001இல் இதைக் கண்டுபிடித்தபோது பலரும் குழம்பிப்போனார்கள்.

முடிச்சை அவிழ்த்தது அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் கேட்டராலின் குழு. சோடியம் சேனல் ஒரு புரதம் என்று கையில் பிடித்துக் காட்டியவரும் இவர்தான். கணவாயின் தடித்த நரம்பில் சோடியம் பாய்வதை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற விஞ்ஞானிகள் 1952இலேயே அளந்துவிட்டார்கள். ஆனால் செல் சவ்வில் எது அதைக் கடத்துகிறது என்பது தெரியவில்லை. கேட்டரால் தேள் விஷத்தை எடுத்துக்கொண்டார். அந்த நச்சு சோடியம் சேனலை விடாமல் பற்றிக்கொள்ளும். திறந்த சேனலைச் சீக்கிரம் மூடவும் விடாது. நச்சு மூலக்கூறில் கதிரியக்க அடையாளமும், புற ஊதா ஒளி பட்டால் பக்கத்தில் இருப்பதோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும் ஒரு வேதித் தொகுதியும் சேர்த்தார்கள். அதை நரம்பு செல்களில் கலந்து ஒளியைப் பாய்ச்சிய பிறகு, கதிரியக்கம் எந்தப் புரதத்தில் ஏறியிருக்கிறது என்று பார்த்தால் போதும். 1980இல் வெளிவந்த இந்த வேலையின் அழகு எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

டிராவே கேள்விக்கு வருவோம். கேட்டராலின் குழு எஸ்சிஎன்1ஏ மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் செயலிழக்கச் செய்த எலிகளை உருவாக்கியது. பிறந்து மூன்று வாரம் கழிந்ததும் அவற்றுக்குத் தானாகவே வலிப்பு வந்தது; சில இறந்தும் போயின. அப்புறம் அவற்றின் மூளையில் ஹிப்போகாம்பஸ் பகுதியிலிருந்து நரம்பு செல்களைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றிலும் பாயும் சோடியம் மின்னோட்டத்தை அளந்தார்கள். மற்ற செல்களைத் தூண்டும் பிரமிடு செல்களில் மின்னோட்டம் குறையவே இல்லை. காபா என்ற வேதிப்பொருளை வெளியிட்டு மற்ற செல்களை அடக்கும் காபா செல்களில்தான் பெரிய அளவில் குறைந்திருந்தது.

புதிரின் விடை இதுதான். மனித உடலில் இத்தகைய சோடியம் சேனல்களில் ஒன்பது வகைகள் உண்டு. எந்த செல் எதை நம்பியிருக்கிறது என்பது செல்லுக்குச் செல் மாறும். எஸ்சிஎன்1ஏ தரும் சேனலைப் பெரிதும் நம்பியிருப்பவை அடக்கும் செல்கள். ஓயாமல் வேகமாகத் துடித்துச் சுற்றியுள்ளவற்றைக் கட்டுக்குள் வைப்பதுதான் அவற்றின் வேலை. பாதி சேனலோடு அந்த வேகத்தைத் தக்கவைக்க முடிவதில்லை. வண்டியின் எஞ்சின் நன்றாக இருக்கிறது, பிரேக் தேய்ந்துவிட்டது. 2006இல் வந்த முடிவு இது.

2009இல் இதே எலிகளின் உடல் வெப்பத்தைப் படிப்படியாக உயர்த்திப் பார்த்தார்கள். 17, 18 நாள் குட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. 20 நாள் தாண்டியவற்றுக்கு வலிப்பு வந்தது. காய்ச்சலில் வலிப்பு வரும் குழந்தையின் நிலை அப்படியே எலியிலும் தெரிந்தது.

இது ஆய்வுக்கூடத்தோடு நிற்கும் சமாச்சாரம் இல்லை. கார்பமசெபின், பெனிட்டாயின், லாமோட்ரிஜின் போன்ற வலிப்பு மருந்துகள் சோடியம் சேனலை அடக்குபவை. வேறு பலவகை வலிப்புகளில் நன்றாகவே உதவுகின்றன. டிராவே குழந்தைக்குக் கொடுத்தால், ஏற்கெனவே தள்ளாடும் அடக்கும் செல்கள் இன்னும் சோர்ந்து வலிப்பு அதிகமாகலாம். லாமோட்ரிஜினால் நிலை மோசமாவதை மருத்துவர்கள் 1998இலேயே பதிவு செய்திருந்தார்கள். காரணத்தை விளக்கியது எலி. அதனால்தான் குளோபசாம், ஸ்டிரிபென்டால் போன்ற, காபாவின் வேலைக்குத் துணை நிற்கும் மருந்துகளை நாடுகிறார்கள். கைக்குழந்தைக்குக் காய்ச்சலோடு நீண்ட வலிப்பு திரும்பத் திரும்ப வந்தால், மரபணுப் பரிசோதனை பற்றி நரம்பியல் மருத்துவரிடம் கேட்பது இதற்காகத்தான் முக்கியம். இருக்கும் மாத்திரையை நாமாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

கேட்டரால் 2024இல் காலமானார். பழுதடையாத மற்றொரு பிரதியிலிருந்து கூடுதலாகச் சேனல் புரதத்தைச் செய்யவைக்கும் ஒரு மருந்தை, தண்டுவட நீரில் ஊசியாகச் செலுத்தி இப்போது டிராவே குழந்தைகளிடம் பரிசோதித்து வருகிறார்கள்.