விமானப் பெட்ரோல் அல்ல, விமான மண்ணெண்ணெய்

மாதம் பிறந்தால் போதும், 'விமானப் பெட்ரோல் விலை கிலோ லிட்டருக்கு இவ்வளவு' என்று செய்தியில் வாசித்துவிடுகிறார்கள். இந்த மாதமும் கேட்டேன். எண்ணெய் நிறுவனங்கள் ஒன்றாம் தேதிதோறும் விலை மாற்றும் அந்தப் பொருள் பெட்ரோலே அல்ல. மண்ணெண்ணெய்.

செய்திக்குறிப்பில் இருப்பது ஏடிஎஃப். விரித்தால் ஏவியேஷன் டர்பைன் ஃபியூயல், விமான விசையாழி எரிபொருள். பயணிகள் விமானங்களில் நிரப்பும் ஜெட் ஏ-1 இதுதான்; கெரசின் வகை எண்ணெய். கெரசின் என்ற பெயர் கனடாக்காரர் ஆபிரகாம் கெஸ்னர் வைத்தது. 1854-இல் காப்புரிமையும் பெற்றார். வேர், மெழுகைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நம் ஊர்களில் அது சீமெண்ணெய், கிருஷ்ணாயில், மண்ணெண்ணெய்.

சரி, எல்லாம் கச்சா எண்ணெயில் பிரிவதுதானே, பெட்ரோல் என்றால் என்ன குறை என்பார்கள். பெட்ரோலின் ஆவி, பூஜ்யத்துக்கு வெகு கீழான குளிரிலும் ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். ஜெட் ஏ-1 அப்படிப் பற்ற, குறைந்தது 38 டிகிரி செல்சியஸாவது வேண்டும். ஆயிரக்கணக்கான லிட்டரை இறக்கைக்குள் சுமக்கும் விமானத்துக்கு இது சின்ன வித்தியாசமா? ஜெட் ஏ-1-இன் உறைநிலை மைனஸ் 47 டிகிரி. அமெரிக்காவில் உள்நாட்டு விமானங்களுக்குப் போடும் ஜெட் ஏ-வுக்கு மைனஸ் 40. உயரத்துக் குளிரில் முதலில் கட்டிதட்டத் தொடங்குவது எண்ணெயில் உள்ள மெழுகு. கெஸ்னர் வைத்த பெயர் அங்கேயும் பொருந்துகிறது.

உண்மையான விமானப் பெட்ரோல் வேறு. அது அவ்காஸ். பயிற்சிப் பள்ளிகளின் செஸ்னா 172 போன்ற பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கானது. ஈயம் கலந்தது, நீலச் சாயம் ஏற்றியது. அந்த எஞ்சினில் ஜெட் எரிபொருளை ஊற்றினால் ஏறும்போதே நின்றுபோகலாம். அதனால்தான் ஜெட் எரிபொருள் குழாயின் வாயை, அவ்காஸ் தொட்டியின் துளையில் நுழையாதபடி அகலமாகச் செய்கிறார்கள். குழாய்முனையில் இவ்வளவு கவனம் இருக்க, மொழிபெயர்ப்பில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம்.

'விமான எரிபொருள்' என்று எழுதுவோரோடு எனக்குச் சண்டை இல்லை. பொதுச்சொல், தவறில்லை, ஆனால் இரண்டுக்கும் பொருந்தும். 'விசையாழி எரிபொருள்' துல்லியம்தான், செய்தியில் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. 'விமான மண்ணெண்ணெய்' என்றால் பொருள் உடனே விளங்கும். ரேஷன் கடை வாசனை அடிக்கிறது என்று இதை ஒதுக்குகிறார்கள். அந்தக் கூச்சம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பெட்ரோலியம் என்ற லத்தீன் சொல்லுக்கே பொருள் பாறை எண்ணெய்; மண்ணெண்ணெய் அதற்கு என்ன தாழ்த்தி? அடுப்பில் ஊற்றுவதை விமானத்தில் ஊற்ற முடியாது என்பதும் உண்மை. நீரும் கசடும் நீக்கி, கடும் சோதனைகளில் தேறியதுதான் விமானத்துக்குப் போகும். அந்த வேறுபாட்டைச் சொல்லத்தானே 'விமான' என்ற முன்னொட்டு?

2022-இல் இந்தியன் ஆயில் உள்நாட்டிலேயே தயாரித்த அவ்காஸை அறிமுகப்படுத்தியது. அந்தச் செய்திக்குத்தான் 'விமானப் பெட்ரோல்' என்ற சொல் தேவை. அதை ஏடிஎஃப்புக்குக் கொடுத்துவிட்டால் அவ்காஸை என்னவென்று எழுதுவது?