தைராய்டு சுரப்பு மிகைக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? காய்ச்சலை அலட்சியம் செய்யாதீர்கள்

உடம்பு மெலிந்தால் நம்மவர்கள் முதலில் சந்தேகிப்பது இனிப்பு நீரைத்தான். கோலாலம்பூர் செந்தூலில் உள்ள என் கிளினிக்கிலும் அப்படித்தான். சர்க்கரை அளவு சரி என்றதும் நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைகிறது, நெஞ்சு படபடக்கிறது, விரல்கள் நடுங்குகின்றன, ஏர்கான் அறையிலும் வியர்க்கிறது என்றால் தைராய்டையும் சோதிக்க வேண்டும். வயதானவர்களிடம் இவை தெரியாமல், சீரற்ற இதயத்துடிப்பு மட்டுமே வெளிப்படலாம்.

இரத்தத்தில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் குறைந்து, தைராய்டு சுரக்கும் டி4 அல்லது டி3 கூடியிருந்தால் தைராய்டு சுரப்பு மிகை எனலாம். ஆனால் காரணம் தெரியாமல் மருந்து தரக் கூடாது. கிரேவ்ஸ் நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தூண்டிவிடுகிறது. டிஆர்ஏபி என்னும் இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். தைராய்டு அழற்சியிலோ, சேர்த்து வைத்த ஹார்மோன் கசிகிறது, அவ்வளவுதான். அதற்கு, சுரப்பைக் குறைக்கும் மாத்திரையான கார்பிமசோல் உதவாது. பெரும்பாலும் தானாகவே தணியும். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இரத்தம் கொடுக்குமுன் அதைச் சொல்லிவிடுங்கள். இல்லாத நோயை இருப்பதாக அது காட்டக்கூடும்.

கிரேவ்ஸ் நோய்க்குக் கார்பிமசோலை வழக்கமாக 12 முதல் 18 மாதங்கள் வரை சாப்பிட வேண்டும். சில வாரங்களில் படபடப்பு அடங்கியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள், நோய் திரும்பிவிடுகிறது. படபடப்பைத் தணிக்கத் தரும் புரோப்ரனலோல் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

இனி, நான் ஒவ்வொருவரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்வது. கார்பிமசோல் சாப்பிடும்போது காய்ச்சலோ, தொண்டை வலியோ, வாய்ப்புண்ணோ வந்தால் பெனடோலைப் போட்டுக்கொண்டு வீட்டில் காத்திருக்காதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் சென்று, கார்பிமசோல் சாப்பிடுவதாகச் சொல்லி, வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அரிதாக இந்த மருந்து அந்த அணுக்களை அடியோடு குறைத்துவிடும். அப்போது சாதாரணத் தொற்றும் உயிரைப் பறிக்கலாம். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் நேரும். முந்தைய மாதப் பரிசோதனை நன்றாக இருந்ததே என்று நம்பி இருந்துவிட முடியாது, ஏனெனில் அணுக்கள் திடீரெனச் சரியும்.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேசுங்கள். முதல் மூன்று மாதங்களில் கார்பிமசோல் கருவைப் பாதிக்கலாம். மாற்று மருந்து உண்டு. நோய் திரும்பினால் கதிரியக்க அயோடின் அல்லது அறுவைச் சிகிச்சை. கதிரியக்க அயோடின் எடுத்தவர்கள் ஆறு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். கிரேவ்ஸ் நோயால் கண் துருத்தியவர்களுக்குக் கதிரியக்க அயோடின் நிலைமையை மோசமாக்கலாம், புகைபிடிப்பவராக இருந்தால் இன்னும் கூடுதலாக.