பைன் ஊசியிலிருந்து மின்சாரம்: உத்தராகண்டின் பிரூல் திட்டம் யாருக்கு, எப்படி?

மார்ச் பாதியிலிருந்து ஜூன் வரை உத்தராகண்ட் மலைகளில் சிர் பைன் மரங்கள் ஊசி உதிர்க்கும். ஒரு சாண் நீளம், கொத்துக்கு மூன்று ஊசி, உள்ளே பிசின். அங்குள்ள மக்கள் அதைப் பிரூல் என்கிறார்கள். சரிவில் அது மெத்தைபோல் படிந்துவிட்டால் கால் வைத்த இடமெல்லாம் வழுக்கும், அடியில் புல் எழும்பாது. வெயில் ஏறியபிறகு ஒரு பீடித் துண்டு விழுந்தால் போதும், மலையே பற்றிக்கொள்ளும். 2024 ஜூனில் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கப் போன வனப் பணியாளர்கள் சிலர் உயிரோடு திரும்பவில்லை.

அந்த ஊசியைக் காட்டிலிருந்து அள்ளி எரிபொருளாக்குவதுதான் பிரூல் திட்டம். பிரூல் மற்றும் பிற உயிர்ப்பொருட்களிலிருந்து மின்சாரம் தயாரிப்பதற்கான கொள்கையை மாநில அரசு 2018இல் கொண்டுவந்தது. மரத்தை வெட்டவே தேவையில்லை, கீழே விழுந்தது போதும். மாநிலத்தில் சிர் பைன் ஏறத்தாழ 4 லட்சம் ஹெக்டேரில் பரவியிருக்கிறது, அதனால் சரக்குக்குப் பஞ்சமில்லை. அதை யார் அள்ளுவது, யார் வாங்குவது, நடுவில் விழும் செலவை யார் தாங்குவது என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

விண்ணப்பிக்கும் வாய்ப்பு ஊர்க் காட்டைக் கவனிக்கும் வன பஞ்சாயத்துகளுக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும் தனியார் தொழில்முனைவோருக்கும் உண்டு. மின் நிலையம் என்றால் அதிகபட்சம் 250 கிலோவாட். எரிகட்டி, அதாவது ஊசியை அரைத்து அழுத்திச் செய்யும் கட்டி, தயாரிப்பதென்றால் ஆண்டுக்கு 2,000 டன் வரை. இதைக் கவனிக்கும் முகமை உரேடா எனப்படும் மாநிலப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி மேம்பாட்டு முகமை. மின்சாரத்தை மாநில மின் விநியோகக் கழகம் வாங்கும், யூனிட் விலையை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும்.

ஏன் இவ்வளவு சின்ன அளவு என்று கேட்பவர்கள் ஒரு கட்டுப் பிரூலைத் தூக்கிப் பார்த்தால் போதும். தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும், எடை மட்டும் இருக்காது. ஒரு லாரியை விளிம்புவரை நிரப்பினாலும் பாதிப் பாரம்கூடச் சேராது. மலைப்பாதையில் ஐம்பது கிலோமீட்டர் கொண்டுபோனால் டீசல் செலவே சரக்கின் விலையைத் தின்றுவிடும். அதனால் சரக்கு இருக்கும் இடத்துக்கே ஆலை வர வேண்டும். நாலைந்து கிராமங்களுக்கு நடுவில் ஒன்று. கொள்கை சின்ன நிலையங்களைக் கேட்டது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

நிலையத்தில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நறுக்கிய ஊசியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும். அதைக் குளிரவைத்து, வடிகட்டி, என்ஜினுக்குக் கொடுத்தால் ஜெனரேட்டர் சுழலும். மிஞ்சும் கரியை அடுப்புக்கட்டியாக்கி விற்கலாம். வடிகட்டுவதில் அசட்டை கூடாது: வாயுவோடு வரும் தார் உள்ளே படிந்தால் என்ஜின் நின்றுவிடும். பித்தோராகட் மாவட்டத்தில் அவனி என்ற அமைப்பு, கொள்கை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே 9 கிலோவாட் இயந்திரத்தில் தொடங்கி, பின்னர் 120 கிலோவாட் நிலையம் வரை போனது. புதிதாக இறங்குபவர்கள் முதலில் அங்கே போய்ப் பார்ப்பது நல்லது.

வன பஞ்சாயத்து பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1921இல், இன்றைய உத்தராகண்டின் கிழக்குப் பகுதியான குமாவோனின் மக்கள் ஆங்கிலேயரின் வனக் கட்டுப்பாடுகளை எதிர்த்து பைன் காடுகளுக்குத் தீ வைத்தார்கள். அந்தக் கொந்தளிப்புக்குப் பின் அமைந்த குறைதீர் குழுவின் வழியாக வந்ததுதான் 1931ஆம் ஆண்டு வன பஞ்சாயத்து விதிகள். ஊர்க் காட்டை ஊரே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. இன்று மாநிலத்தில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட வன பஞ்சாயத்துகள் இருக்கின்றன. அதாவது இந்தக் கூட்டு முயற்சிக்குப் புதிதாகச் சங்கம் கட்ட வேண்டியதில்லை. காட்டை அறிந்தவர்களின் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது, அவர்களோடு உட்கார்ந்து பேசினால் போதும்.

பேசும்போது மறக்கக் கூடாத ஒன்று: 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டப்படி காட்டில் கிடக்கும் இலையும் வன விளைபொருள்தான். குப்பை என்று நினைத்து அள்ளிவிட முடியாது. காப்புக்காடு என்றால் வனத்துறையின் அனுமதி வேண்டும், பஞ்சாயத்துக் காடு என்றால் பஞ்சாயத்தின் தீர்மானம் வேண்டும். இரண்டும் எழுத்தில் இருக்கட்டும்.

அடுத்தது பணம். திட்டத்தின் உயிர்நாடி இதுதான். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ ஊசி தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 கிலோவாட் நிலையம் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 250 யூனிட், 375 கிலோ ஊசி. ஆண்டுக்கு 300 நாள் ஓட்ட 110 டன்னுக்கு மேல் வேண்டும். இவ்வளவையும் பெரும்பாலும் கோடையின் மூன்று மாதத்தில் அள்ளி முடிக்க வேண்டும், ஏனென்றால் மழை இறங்கினால் ஊசி நனைந்து மட்கத் தொடங்கும். மழைக்கு முன் உச்சி வெயிலில் குனிந்து, வழுக்கும் சரிவில் வாரிக் கூட்டி, மூட்டை கட்டித் தலையில் சுமந்து இறக்குவது பெரும்பாலும் பெண்கள்.

அவர்களுக்கு முன்பு கிடைத்த விலை கிலோவுக்கு 3 ரூபாய். 2024 மே மாதம் முதலமைச்சர் புஷ்கர் சிங் தாமி ‘பிரூல் லாவோ, பைசே பாவோ’ (பிரூல் கொண்டு வா, பணம் பெறு) இயக்கத்தைத் தொடங்கியபோது கிலோவுக்கு 50 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. இப்போது கணக்குப் போடுங்கள். 3 ரூபாய் விலையில் ஒரு யூனிட்டுக்கு எரிபொருள் செலவு நாலரை ரூபாய். நிலையம் தாங்கும், ஆனால் நாள் முழுக்க உழைத்த பெண்ணுக்குக் கூலி தேறாது. 50 ரூபாய் என்றால் யூனிட்டுக்கு 75 ரூபாய். எந்த நிலையமும் தாங்காது. இடையில் இருக்கும் பள்ளத்தை அரசுதான் நிரப்ப வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அள்ளிய ஒவ்வொரு மூட்டையும் எரியாமல் காத்த காடு. தீயணைப்புக்கும் ஹெலிகாப்டருக்கும் செலவழிக்கும் பணத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய செலவு அது, மின்சாரக் கணக்கில் மட்டும் எழுதினால் என்றைக்கும் நஷ்டமாகத்தான் தெரியும்.

ஆகவே குழுவாகச் சேரும் பெண்கள் அறிவிப்பை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். அந்தப் பருவத்துக்கு உண்மையில் தரப்படும் விலை என்ன, பணம் எத்தனை நாளில் வங்கிக் கணக்குக்கு வரும், எந்த இடத்தில் எடை போடுவார்கள் என்பதை ரேஞ்சர் அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலீடு செய்பவருக்கு மத்திய அரசின் கதவும் இருக்கிறது. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2022 நவம்பரில் அறிவித்த தேசிய உயிரி ஆற்றல் திட்டத்தில், எரிகட்டி ஆலைக்கு மணிக்கு ஒரு டன் திறனுக்கு 9 லட்சம் ரூபாய் மானியம், ஓர் ஆலைக்கு உச்சவரம்பு 45 லட்சம் என்று வைத்தார்கள். அந்தத் திட்டக் காலம் 2026 மார்ச் 31 வரை. விண்ணப்பிக்கும்முன் நடப்பு வழிகாட்டுதலைப் பார்த்துவிடுங்கள். தொழில்நுட்பத்துக்கு டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் பைன் ஊசி எரிகட்டியில் வேலை செய்திருக்கிறது, அவர்களை அணுகலாம்.

இயந்திரம் வாங்கும்முன் கிடங்கைக் கட்டுங்கள். ஆண்டு முழுவதற்குமான ஊசி ஒரே இடத்தில் இருக்கும், ஒரு பொறி பட்டால் மொத்தமும் போய்விடும். ஒரே பெரிய கொட்டகைக்குப் பதில் இடைவெளி விட்டுச் சிறு கொட்டகைகளாகப் போட்டு, நிலையத்திலிருந்து தள்ளி, சுற்றிலும் மண்ணைச் சுரண்டி வெறும் தரையாக வையுங்கள். அப்புறம், எடைத் தராசு ரோட்டோரத்தில் இல்லாமல் காட்டிலிருந்து பாதை இறங்கும் இடத்திலேயே இருக்கட்டும். மூட்டையோடு கூடுதலாக ஒரு கிலோமீட்டர் நடக்க வைத்தால் அடுத்த வாரம் வருபவர் எண்ணிக்கை குறைந்துவிடும்.